ஏழு செக், எட்டே முக்கால் வருடம்

செக் திரும்பிய வழக்கில் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சச் சிறைத்தண்டனை 2 ஆண்டு. என் தம்பிக்கு மதுரை மத்திய சிறையில் போட்டிருந்த கணக்கு 8 ஆண்டு 9 மாதம். அடிதடி கிடையாது, திருட்டு கிடையாது. ஒரே ஆளிடம் வாங்கிய ஒரே கடன், அதற்குக் கொடுத்த ஏழு செக்குகள், அவ்வளவுதான். இது எப்படி நடந்தது, அவனை எப்படி வெளியே கொண்டுவந்தோம், எவ்வளவு பணம் போனது என்று எழுதி வைக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் கடன் வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட செக்கை நீட்டுவது வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுப்பது மாதிரி சாதாரணம். அதனால் இன்றைக்கும் ஏதோ ஒரு வீட்டில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நான் வழக்கறிஞர்தான். ஆனால் என் தொழில் முழுக்க சிவில். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் யாருக்கு எத்தனை பங்கு, வளவில் எந்த அறை யாருடையது, மலேசியாவில் இருக்கும் பங்காளிக்கு நோட்டீஸ் எப்படி அனுப்புவது, இதுதான் என் அன்றாடம். கிரிமினல் கோர்ட் வாசலைத் தாண்டியது குறைவு. தம்பி என்னிடம் இந்த வழக்குகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்காவே வக்கீலாக இருக்கும்போது அவளிடம் போய் 'கடன் கட்ட முடியல' என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். வேறு ஒருவரை வைத்து நடத்தினான். எனக்குத் தெரிந்தபோது அவன் உள்ளே போய்விட்டான்.

ஆத்தங்குடியில் அவனுக்கு டைல்ஸ் பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடும் கைவேலை. 2018-ல் ஒரு தங்கும் விடுதிக்குப் பெரிய ஆர்டர் கிடைத்தது. அதை நம்பி ஒரு பைனான்ஸ்காரரிடம் 8 லட்சம் வாங்கினான். வாங்கும்போதே ஏழு செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறான். 2020 மார்ச் வரை வட்டி ஒழுங்காகப் போனது. அப்புறம் ஊரடங்கு, விடுதிக்காரர் ஆர்டரை நிறுத்திவிட்டார், செய்து வைத்த கல் பட்டறையிலேயே அடுக்கிக் கிடந்தது. அசலும் வட்டியுமாகக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு செக்கிலும் 2 லட்சம் என்று நிரப்பி, மொத்தம் 14 லட்சத்துக்கு வங்கியில் போட்டார் பைனான்ஸ்காரர். எல்லாம் பணமில்லை என்று திரும்பின. 2021-ல் ஏழு வழக்கு.

இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். 'நான் வெறும் கையெழுத்துதான் போட்டேன், தொகையை அவர்தான் எழுதினார்' என்பது பெரிய தற்காப்பு என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019-லேயே உச்சநீதிமன்றம் இதை முடித்துவைத்துவிட்டது. விருப்பப்பட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை வாங்கியவர் நிரப்பினாலும், அது கடனுக்காகத் தரப்பட்டது என்றுதான் சட்டம் ஊகிக்கும். இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு செக் கொடுத்தவர் தலையில். அடுத்தது, செக் திரும்பியதும் வக்கீல் நோட்டீஸ் வரும். கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். பணம் கட்ட வழியில்லை என்றாலும் அந்த நோட்டீஸுக்குப் பதில் அனுப்பியே ஆகவேண்டும். எப்போது கடன் வாங்கினேன், எவ்வளவு, எவ்வளவு திருப்பிக் கொடுத்தேன், ஏழு செக்கும் ஒரே கடனுக்குத்தான் என்று அதில் எழுதிவிட்டால், பின்னால் அந்த ஒரு காகிதம் எவ்வளவோ பேசும். தம்பி பதில் போடவில்லை. நோட்டீஸை மடித்துப் பட்டறைப் பரணில் சொருகி வைத்திருந்தான்.

ஏழும் ஒரே நடுவர் நீதிமன்றத்தில், ஒரே நாள் வாய்தாவில், ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடப்பட்டன. ஒரே சாட்சி, ஒரே குறுக்கு விசாரணையின் ஏழு நகல்கள். 2022 கடைசியில் ஏழு தீர்ப்புகளும் ஒரே நாளில் வந்தன. தண்டனை சொல்வதற்கு முன் நடுவர், 'ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என்று கேட்டிருக்கிறார். செக் வழக்கு போன்ற சம்மன் வழக்குகளில் அப்படிக் கேட்டே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனாலும் பெரும்பாலானோர் கேட்பார்கள். தம்பி, 'கொறைச்சுக் குடுங்கய்யா' என்றானாம். அவனுடைய வக்கீல் அன்றைக்கு வேறு ஊர் கோர்ட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்த ஜூனியர் பையனுக்கு வழக்கின் கதையே தெரியாது. ஒவ்வொரு வழக்கிலும் 1 ஆண்டு வெறுங்காவல், 2 லட்சம் இழப்பீடு, இழப்பீட்டைக் கட்டத் தவறினால் மேலும் 3 மாதம். ஏழு தாள்களிலும் இதே வரிகள். 'தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்', அதாவது எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடவேண்டும் என்ற வரி ஒரு தாளிலும் இல்லை. 'ஒன்றன்பின் ஒன்றாக' என்றும் இல்லை. கேட்க வேண்டிய ஆள் கேட்கவில்லை, எழுத வேண்டியவருக்குத் தோன்றவில்லை.

தண்டனை 3 ஆண்டுக்குள் இருந்து, ஆள் ஏற்கெனவே ஜாமீனில் இருந்தால், மேல்முறையீடு செய்வதற்காகத் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமே தண்டனையைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம். அப்படி வாங்கிக்கொண்டு சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்டில் ஏழு மேல்முறையீடு போட்டார்கள். நடுவர் தீர்ப்பின் மேல் செஷன்ஸில் முறையிட 30 நாள்தான், நினைவிருக்கட்டும். ஒரு வழக்குக்குப் பத்தாயிரம் என்று 70,000 பீஸ். அவன் மனைவியின் வளையல் அதற்குப் போனது. அடுத்த இடி அங்கே விழுந்தது. செக் வழக்குகள் நடப்பது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ்; அதில் 2018-ல் 148 என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மேல்முறையீடு செய்பவர் அபராதம் அல்லது இழப்பீட்டுத் தொகையில் குறைந்தது 20 சதவீதத்தை 60 நாளுக்குள் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம், நியாயமான காரணம் காட்டினால் இன்னொரு 30 நாள் தரலாம். ஒரு வழக்குக்கு 40,000. ஏழுக்கும் சேர்த்து 2,80,000. ஒரே வழக்காக இருந்திருந்தால் எங்கேயாவது புரட்டியிருப்பான். முடியவில்லை. கெடு முடிந்தது, நிறுத்திவைப்பு ரத்தானது, பிடிவாரண்டு வந்தது. 2023 ஏப்ரலில் ஒரு காலையில் பட்டறையிலிருந்தே கூட்டிப்போனார்கள்.

அன்றைக்கு மதியம்தான் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். 'அண்ணி, அவுகளப் புடிச்சிட்டுப் போயிட்டாக' என்றாள். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். என்னிடம் சொல்லாமல் விட்டானே என்ற கோபம். ஒரு வருடம்தானே, ஏழும் சேர்ந்து ஓடிவிடும் என்று நானும் ஒரு சிவில் வக்கீலின் நினைப்பில்தான் இருந்தேன். பிள்ளைகளிடம் அப்பா சிங்கப்பூர் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தோம். அம்மா குன்றக்குடிக்கு நேர்ந்துகொண்டாள். சொந்தக்காரர்களில் கூட வந்தவர் யாரும் இல்லை. என் கணவர் வெளிநாட்டில். வக்கீல் சங்கத்தில் கிரிமினல் வழக்கு பார்க்கும் நண்பர்கள் சிலரிடம் பேசினேன். அந்தப் பைனான்ஸ்காரருக்கு ஏதோ ஒரு வழக்கில் ஆஜரானவர்களாகவே பாதிப் பேர் இருந்தார்கள். மீதிப் பேர் 'பணத்தைக் கட்டி முடிச்சிருங்க மேடம்' என்று நல்ல புத்தி சொன்னார்கள்.

சிறையில் மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போனேன். வக்கீலாக இல்லாமல் அக்காவாக, ஆதார் நகலை வைத்துக்கொண்டு மற்ற பெண்களோடு வரிசையில் நின்றேன். கறுப்புக் கோட்டு இல்லாமல் அந்த வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா மகனுக்கு வாங்கி வந்த பிஸ்கட்டை, உள்ளே அனுமதிப்பார்களா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பி வெள்ளை உடுப்பில் வந்தான். ஆளுக்கு ஆள் கத்திப் பேசுகிற சத்தத்தில் அவன் சொன்னது முதலில் காதில் விழவில்லை. மறுபடி சொன்னான். 'அக்கா, எட்டு வருசம் ஒம்போது மாசம்னு போட்டிருக்காங்கக்கா.' நான் தப்பு, அப்படி இருக்காது என்றேன். அவன் விரலை மடக்கிக் காட்டினான். ஏழு வழக்குக்கு ஏழு வருடம், அப்புறம் கட்டாத இழப்பீட்டுக்கு ஏழு மூன்று இருபத்தொரு மாதம்.

சிறைக்காரர்கள் மேல் குற்றம் இல்லை. அவர்கள் கையில் ஏழு தனித்தனி தண்டனை வாரண்டு இருக்கிறது. வாரண்டில் உள்ளதைத்தான் அவர்கள் கூட்ட முடியும். அன்றைக்கு இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 427-வது பிரிவு, ஒரு தண்டனையை அனுபவித்துக்கொண்டிருப்பவருக்கு இன்னொரு வழக்கில் தண்டனை விழுந்தால், முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும் என்றது, நீதிமன்றம் ஏககாலம் என்று உத்தரவிட்டால் ஒழிய. ஒரே வழக்கில் பல குற்றங்களுக்கான தண்டனைக்கும் 31-வது பிரிவு ஏறக்குறைய இதையே சொன்னது. அதாவது, யாரும் எதுவும் எழுதாவிட்டால் கூட்டல் கணக்குதான். 2024 ஜூலை 1-லிருந்து வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 25-வது பிரிவில், ஒரே விசாரணையில் பல தண்டனை தரும்போது குற்றத்தின் தீவிரத்தைப் பார்த்து ஏககாலமா, அடுத்தடுத்தா என்று நீதிமன்றம் சொல்லவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தனித்தனி வழக்குகளுக்கான 467-ல் பழைய கதைதான். தம்பியைப் போன்றவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

தண்டனைக் கொடுமை என்றால் நாம் ஒரு கடுமையான நீதிபதியை நினைக்கிறோம். நான் பார்த்த வரையில், எழுதாமல் விட்ட ஒரு வரிதான் பாதிக் கொடுமைக்குக் காரணம். இந்த நடுவர் கடுமையானவர் இல்லை. சட்டப்படி 2 ஆண்டு வரை தரலாம், அவர் 1 ஆண்டுதான் கொடுத்தார். தன் தீர்ப்பு மதுரையில் எட்டே முக்கால் வருடமாக விளைந்து நின்றது அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். அப்போது கண்ணில் பட்டதுதான் இக்ராம் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் மின்சாரச் சட்டத்தின் கீழ்த் திருட்டு வழக்குகள் ஒன்பது. பேரம் பேசிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த மனிதருக்கு ஒவ்வொன்றிலும் 2 ஆண்டு. ஏககாலம் என்ற உத்தரவு இல்லாததால் கூட்டினால் 18 ஆண்டு. அலகாபாத் உயர்நீதிமன்றம் தலையிட மறுத்தது. அவர் 3 ஆண்டு உள்ளே இருந்த நிலையில், 2022 டிசம்பரில் தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி நரசிம்மா அமர்வு ஏககாலம் என்று உத்தரவிட்டு விடுவித்தது. இப்படிப்பட்ட வழக்கைக் கேட்காவிட்டால் நாங்கள் எதற்கு இருக்கிறோம் என்ற பொருளில் அதில் எழுதியிருந்ததைப் படித்தபோது அழுதுவிட்டேன். தம்பி தீர்ப்பு வந்து சில வாரத்துக்குள் வந்த தீர்ப்பு அது. சிவகங்கையில் மேல்முறையீடு நிலுவையில் இருந்த அத்தனை மாதமும் அதை யாரும் எடுத்துக் காட்டவில்லை.

இன்னொன்று, செக் வழக்குக்கே நேராகப் பொருந்துவது, 2013-ல் வந்த வி.கே. பன்சால் எதிர் ஹரியானா அரசு. பல செக் வழக்குகளில் தண்டனை பெற்றவருடைய வழக்குகளை, எந்தக் கடன் எது என்று பார்த்து உச்சநீதிமன்றம் கட்டுக்கட்டாகப் பிரித்தது. ஒரே கொடுக்கல் வாங்கலில் வந்த செக்குகளுக்கு ஏககாலம். வெவ்வேறு கடன்களுக்கு அடுத்தடுத்து. ஆக நான் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஏழு செக்கும் ஒரே கடன் என்பது. பரணில் கிடந்த நோட்டீஸ், வங்கித் திருப்புச் சீட்டுகள், செக் எண்கள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினேன். செக் எண்கள் ஒரே புத்தகத்தின் அடுத்தடுத்த எண்கள். வங்கியில் போட்ட தேதி ஒன்று. ஏழு புகார் மனுவிலும் கடன் தேதி ஒன்று. குறுக்கு விசாரணையில் பைனான்ஸ்காரரே, 'எதிரிக்கு ஒருமுறைதான் கடன் கொடுத்தேன், தனித்தனிப் புரோநோட்டு இல்லை' என்று சொல்லியிருந்தார் (கோர்ட் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், இங்கே தம்பி). இதையெல்லாம் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதினேன். நீதிபதியிடம் ஏழு கட்டைத் தூக்கிக்கொண்டு போவதைவிட ஒரு தாளை நீட்டுவது எவ்வளவோ மேல்.

காகிதங்கள் பற்றி இன்னும் கொஞ்சம். சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள், குமாஸ்தா வாங்கி வைத்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தில் ஒரு சி.என்.ஆர். எண் இருக்கும். அதைப் போட்டால் நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டில் இருந்தே பார்க்கலாம். இதைப் பார்த்திருந்தாலே தொகை கட்டும் கெடு எப்போது முடிகிறது என்று அவன் மனைவிக்குத் தெரிந்திருக்கும். சிறையிலிருந்து 'நாமினல் ரோல்' வாங்க வேண்டும். என்னென்ன வழக்கு, எவ்வளவு தண்டனை, எவ்வளவு நாள் கழிந்தது என்பது அதில் வரும். தீர்ப்புக்கு முன்பு ரிமாண்டில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்கவேண்டும், அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று அதில் சரிபாருங்கள். தம்பி ஒருமுறை வாய்தாவுக்குப் போகாமல் வாரண்டில் சில நாள் கிளைச்சிறையில் இருந்திருக்கிறான். அது ஒரு வழக்கில்தான் ஏறியிருந்தது, ஆறில் விடுபட்டிருந்தது.

நானே ஆஜராவது என்று முடிவு செய்தேன். பழைய வக்கீலிடம் ஒப்புதல் வாங்கவே ஒரு மாதத்துக்கு மேல் அலைந்தேன். மீதி பீஸ் பாக்கி என்று 25,000 கேட்டார், கொடுத்தேன். சிறையில் இருப்பவரின் வக்காலத்தில் சிறை அதிகாரி சான்றொப்பம் போட்டுத் தரவேண்டும். அதற்கும் நாள் ஆகும், இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் இல்லாதவர்கள் இதற்காக நகையை விற்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி, காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கும் அப்படியே. சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் உண்டு, வெளியில் இருந்து 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சிறை வழியாகவே மேல்முறையீடு அனுப்பவும் முடியும். 'இலவச வக்கீல் என்ன செய்வார்' என்று ஊரில் இளக்காரமாகப் பேசுவார்கள். காசு வாங்கிய வக்கீல் என்ன செய்தார் என்று நான் பார்த்துவிட்டேன்.

2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஜம்பு பண்டாரி வழக்கில், அந்த 20 சதவீத நிபந்தனை எல்லா வழக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு போடவேண்டியது இல்லை, கட்ட முடியாத நிலை என்று காட்டினால் விதிவிலக்குத் தரலாம் என்று சொன்னது. உடனே பட்டறைக் கணக்கு, நகை அடகுச் சீட்டு எல்லாம் இணைத்து மனுப் போட்டேன். செஷன்ஸ் நீதிபதி மனுவைப் படித்துவிட்டு, 'இதைக் கேட்பதற்குப் பதில் அப்பீலையே கேட்டு முடித்துவிடலாமே' என்றார். டிசம்பரில் வாதம். எதிர்த்தரப்பு வக்கீல், ஏழு செக் என்றால் ஏழு குற்றம், சட்டம் அப்படித்தான் என்றார். சொன்னதில் தப்பில்லை, குற்றம் ஏழுதான். நான் என் ஒற்றைத் தாளையும், கோடு போட்ட குறுக்கு விசாரணைப் பக்கத்தையும், அந்த இரண்டு தீர்ப்புகளையும் நீட்டினேன். சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினைக்கு மணிக்கணக்கில் பேசுகிறவள், அன்றைக்குப் பத்து நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டேன். குரல் நடுங்கியதால் அதற்கு மேல் வரவில்லை.

2024 ஜனவரியில் தீர்ப்பு. குற்றவாளி என்பது உறுதி செய்யப்பட்டது. அதில் எனக்கும் மறுப்பு இல்லை, கடன் வாங்கியது உண்மை. ஏழு தண்டனையும் ஏககாலம். ஏழு வருடம் ஒரு வருடமானது. ஆனால் இழப்பீடு கட்டாவிட்டால் அனுபவிக்க வேண்டிய சிறை, அது மட்டும் ஏககாலத்தில் ஓடாது. பன்சால் தீர்ப்பே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கு நடத்துகிறவர்களே பலர் இதைக் கவனிப்பதில்லை. ஏககாலம் வாங்கிவிட்டோம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள், அங்கே 21 மாதம் தனியாகக் காத்துக்கொண்டிருக்கும். அதனால் வாதத்திலேயே, கட்டத் தவறினால் என்ற சிறையைக் குறைக்கும்படி தனியாகக் கேட்டிருந்தேன். நீதிபதி 3 மாதத்தை 1 மாதமாக்கினார். ஏழு மாதம்.

அப்புறம் பணம் திரட்டினோம். பட்டறைக்குப் பின்னால் இருந்த மனையை அவசரத்துக்கு விற்றதில் 7 லட்சம், என் சேமிப்பில் 3 லட்சம். ஐந்து வழக்குக்கு 10 லட்சம் கட்டினோம். மீதி இரண்டுக்கு வழியில்லை, இரண்டு மாதம் கூடுதலாக உள்ளே இருந்து 2024-ல் கோடை முடிவதற்குள் வெளியே வந்தான். இரண்டு மாதம் இருந்துவிட்டால் அந்த 4 லட்சம் தீர்ந்தது என்று அவன் நினைத்திருந்தான். தீராது. சிறை இருந்தாலும் இழப்பீடு இழப்பீடாகவே நிற்கும், வசூல் செய்யலாம் என்று 2017-ல் குமரன் எதிர் கேரள அரசு வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதில் சமாதானம் பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. செக் வழக்கை எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம், ஆனால் தாமதித்தால் தனியாக ஒரு செலவுத் தொகை கட்ட வேண்டும். 2010-ல் தாமோதர் பிரபு வழக்கில் வைத்த விகிதத்தின்படி, நடுவர் நீதிமன்றத்தில் தாமதித்தால் செக் தொகையில் 10 சதவீதம், செஷன்ஸிலோ உயர்நீதிமன்றத்திலோ 15, உச்சநீதிமன்றத்தில் 20. 2025-ல் உச்சநீதிமன்றம் இதை முறையே 5, 7.5, 10 என்று குறைத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சியம் தொடங்குவதற்கு முன்பே கட்டிவிட்டால் ஒன்றும் இல்லை. அதே 2025 தீர்ப்பில், செக் வழக்கிலும் நன்னடத்தைச் சட்டத்தின் பயனைக் கொடுக்கலாம், அதாவது சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். முதல் முறை மாட்டியவர்கள் தண்டனை சொல்லும் நேரத்தில் கட்டாயம் இதைக் கேட்க வேண்டும்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2016-ல், பல கொலைகளுக்கான ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது, மனிதனுக்கு ஒரு ஆயுள்தான் என்று தீர்த்தார்கள். சரியான தீர்ப்புதான், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் ஒரே கடனுக்கு ஏழு செக் கொடுத்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது, யாராவது வாய் திறந்து கேட்க வேண்டும். தண்டனை விதிக்க ஒரு வழிகாட்டி நெறிமுறை வேண்டும் என்று குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்காக அமைத்த மலிமத் குழு 2003-லேயே சொன்னது. அப்படி ஒன்று நம்மிடம் இல்லையே என்று 2013-ல் சோமன் எதிர் கேரள அரசு வழக்கில் உச்சநீதிமன்றமே குறைப்பட்டது. இன்றைக்கும் இல்லை. ஒரே மாதிரி வழக்கில் ஒரு கோர்ட்டில் நீதிமன்றம் கலையும்வரை தண்டனை, பக்கத்து ஊர் கோர்ட்டில் ஒரு வருடம். 12 மாதத்துக்குள் நடந்த பல செக் குற்றங்களை ஒரே விசாரணையாக நடத்தச் சட்டத்தைத் திருத்தலாம் என்று 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பரிந்துரைத்தது. அந்தத் திருத்தம் இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு விசாரணை, ஒரு பீஸ் என்று முடிந்திருக்கலாம்.

இப்போது சிவில் வழக்குகளோடு செக் மேல்முறையீடுகளும் எடுக்கிறேன். தீர்ப்பு நாளன்று ஜூனியரை அனுப்புவதில்லை. தண்டனை பற்றி இரண்டு பக்கத்தில் எழுதியே கொடுத்துவிடுகிறேன், ஏககாலம் வேண்டும், இந்தக் காரணத்துக்காக வேண்டும் என்று. வாயால் சொன்னால் காற்றில் போகும், எழுத்தில் இருந்தால் தீர்ப்பில் பதில் சொல்லியாக வேண்டும். தம்பி பட்டறையை மறுபடி திறந்திருக்கிறான், இரண்டு ஆட்களோடு. மீதி 4 லட்சத்துக்குப் பைனான்ஸ்காரர் போட்ட வசூல் மனு இன்னும் நடுவர் நீதிமன்றத்தில் நிற்கிறது. மாதத் தவணையாகக் கட்டுகிறோம் என்று நான் எதிர்மனுப் போட்டிருக்கிறேன், அடுத்த வாய்தாவில் உத்தரவு வரலாம்.